குழந்தைவேலு மாட்டிய பிரேக்

ஆகஸ்ட் 1, செவ்வாய்

பம்ப் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் தர ஆய்வில் இருந்தவன் நான். தினமும் மாலை ஐந்தரைக்கு அன்றைய கோளாறுகளை நோட்டில் எழுதி, அடியில் தெய்வசிகாமணி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்று மறுபடியும் ஒரு நோட்டு வாங்கினேன். காரணம் மெக்கானிக் குழந்தைவேலு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கேட்பார்கள். அப்போது முழிக்கக் கூடாது.

நடந்தது இதுதான். ஜூலை 9, ஞாயிறு மாலை, கோத்தகிரியில் மகள் தேன்மொழி வீட்டிலிருந்து நானும் என் மனைவி வசந்தாமணியும் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் பிரேக் பிடிக்கவில்லை. அதே நேரத்தில் ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. மலைப்பக்கக் கால்வாயில் வண்டியை இறக்கி நிறுத்தினேன். வசந்தாமணிக்கு நெற்றியில் நான்கு தையல், வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. எனக்கு ஒன்றும் இல்லை. நான் சமயோசிதமாகத் திருப்பியதால்தான் இருவரும் உட்கார்ந்து இட்லி தின்கிறோம். வீட்டில் ஒருவரும் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் மாதம்தான் குழந்தைவேலு முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் மாட்டினான். பதினாறு வருடப் பழக்கம். பழகிய இடத்தில்தான் ஏமாற்றுவது சுலபம்.

என் பக்கம் குறையே இல்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. அன்றைய பயணத்தில் என் வண்டி லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர் கொடுத்தது. கார்க் கம்பெனிக்காரனே இருபதுதான் சொல்கிறான். எட்டு வருட ஹேட்ச்பேக்கை வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் வேறு யார் இப்படி ஓட்டுகிறார்கள்?

ஆகஸ்ட் 3, வியாழன்

குழந்தைவேலு தானாகவே வீட்டுக்கு வந்தான். வண்டி ரிப்பேருக்கு நிற்கும் இடத்தில் கழற்றிய பிரேக் பேடுகளைக் கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"நீங்களே பாருங்க சார். தேயவே இல்லீங்."

வெர்னியரை எடுத்துவந்து அளந்தேன். ஒன்பதரை மில்லிமீட்டர். புதிது பத்து. அளவு சரிதான். அளவு சரியாக இருக்கும் போலிகளை நான் முப்பத்தோரு வருடம் பார்த்தவன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங். மிதிக்கிறப்ப பெடலு கல்லாட்ட இருந்துச்சுங்களா, பஞ்சாட்ட அமுங்குச்சுங்களா?"

"கல்லு மாதிரி. எந்திரிச்சு நின்னு மிதிச்சேன். அசையல."

சமையலறை வாசலில் மாவுக்கட்டுக் கையோடு நின்ற வசந்தாமணியை அவன் திரும்பிப் பார்த்தான். பேடுகளை மறுபடியும் காகிதத்தில் சுற்றினான். அவள் காபி சாப்பிடச் சொன்னாள். இல்லீங்கம்மா, நேரமாச்சு என்று போய்விட்டான். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் காபி குடிப்பானா?

மாலையில் கிரைண்டரில் மாவு ஆட்டினேன். உளுந்துக்குத் தண்ணீர் அதிகமாகிவிட்டது. வசந்தாமணி எட்டிப் பார்த்துவிட்டு, தோசைக்கு ஆகும் என்றாள்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

தெருக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். "குழந்தைவேலு ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை கொடுத்தவர்கள் உடனே வேறு இடத்தில் சோதித்துக்கொள்ளவும். நானும் என் மனைவியும் உயிர் தப்பியது கடவுள் செயல்." நாற்பத்தொரு பேர் படித்தார்கள். பதினேழு பேர் கும்பிடு போட்டார்கள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

தேன்மொழியின் மாமனார் கோத்தகிரியிலிருந்து போன் செய்தார். அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை அங்கே வளைகாப்பு. முடிந்த கையோடு பிள்ளைப்பேறுக்கு இங்கே அழைத்துவர வேண்டும். அதைத் தாண்டினால் புரட்டாசி பிறந்துவிடும்.

நம் வண்டியில் கூட்டிவருகிறேன் என்றேன். போனை வைத்ததும் வசந்தாமணி சொன்னாள்: "ஏனுங்க, உங்க வண்டில நான் அவளை ஏத்த மாட்டேன்."

"ரிப்பேர் முடிஞ்சு புதன்கிழமை வந்துடுது. இனி அவன் கை படாது."

"சொல்லிட்டனுங்க."

இவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. முப்பது வருடத்தில் என் வண்டியைப் பற்றி அவள் ஒரு குறை சொன்னதில்லை. பெற்ற மகளை என் வண்டியில் ஏற்றமாட்டேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். பிறகு பசித்தது, பன் வாங்கித் தின்றேன்.

முடிவு செய்துவிட்டேன். பந்தய வண்டிகளுக்குப் போடும் பெரிய பிரேக்கைப் போடப் போகிறேன். அதைப் பார்த்தால் யாரும் வாய் திறக்க முடியாது.

ஆகஸ்ட் 10, வியாழன்

பீளமேட்டுப் பக்கம் ஒரு கடை. பந்தய வண்டிகளைச் சரிசெய்யும் இடம். முதலாளி யார் என்று கேட்டேன். கையில் கிரீஸோடு ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் மிருதுளா, முப்பது வயது இருக்கும். எடுத்த எடுப்பில் என்னை அங்கிள் என்றாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வர்ணத்தில் பெரிய காலிப்பர்கள். என் வண்டியில் இருப்பது ஒரு பிஸ்டன் வைத்து டிஸ்கைப் பிடிப்பது, இதில் நான்கு. டிஸ்கும் தட்டு அகலம் இருக்கிறது. கையில் வாங்கிப் பார்த்தேன். வார்ப்பு சுத்தமாக இருந்தது. ஒரு காற்றுக் குழி இல்லை. குறை கண்டுபிடிக்க முடியாதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்களுக்கு இது தேவையில்ல அங்கிள். டிராக்ல ஓட்டறவங்க சுத்துக்கு சுத்து நூத்தம்பதுல இருந்து நிறுத்துவாங்க, அவங்களுக்குத்தான் இது. குடும்பத்தோட மலை ஏறி இறங்க, நல்ல பேடு, புது பிரேக் ஆயில், அது போதும். அரை நாள் வேலை."

விற்க உட்கார்ந்திருப்பவள் வேண்டாம் என்கிறாள். சந்தேகப்பட இதைவிட என்ன வேண்டும்? என்னிடம் வாங்கும் சக்தி இல்லை என்று நினைத்திருப்பாள். இல்லாவிட்டால் அந்தக் காலிப்பர் யாரோ கழற்றிக் கொடுத்த பழையதாக இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, சனி

உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடைகளைச் சுற்றினேன். என் ஹேட்ச்பேக்கின் அண்ணன் மாதிரி ஒரு செடான் உண்டு. அதன் முன் டிஸ்க் கொஞ்சம் பெரியது. அதைக் காலிப்பரோடு கழற்றி இதில் மாட்டலாம் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார்.

கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். "புதுசாட்டத்தானுங்க இருக்குது." டிஸ்கின் ஓரத்தில் எவ்வளவு மில்லிமீட்டர் வரை தேயலாம் என்று பொறித்திருப்பார்கள். வெர்னியரை வைத்தேன். அதற்கும் ஒன்றரை மில்லிமீட்டர் கீழே. அதைக் காட்டினேன். அவர் வெர்னியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாத்தியாருங்களா?" என்றார்.

நாள் முழுக்க வெயில். ஆனாலும் ரொம்ப நாளைக்குப் பிறகு மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 14, திங்கள்

சாம்பாரில் புளி போதாது என்றாள் வசந்தாமணி. நான் வைத்தது ரசம்.

ஆகஸ்ட் 16, புதன்

வசந்தாமணி குளிக்கப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. குழந்தைவேலு.

மற்றவர் போனைத் தோண்டிப் பார்ப்பவன் அல்ல நான். நேற்று மதியம் பதினொரு நிமிடம் பேசியிருக்கிறாள். போன வியாழக்கிழமை ஆறு நிமிடம். வியாழக்கிழமை என்றால் நான் பீளமேட்டில் இருந்த நேரம்.

அவனிடம் இவளுக்கு என்ன பேச்சு? கேஸ் போடாமல் என்னைத் தடுக்கச் சொல்லி அழுகிறானா? இவளும் இளகியிருப்பாளா? ஈரத்தலையோடு வந்தவளிடம், யாராவது போன் செய்தார்களா என்று சும்மா கேட்டேன். "தேன்மொழிதான் பண்ணுவா" என்றாள். பொய் என்று சொல்ல முடியாது. உண்மையும் இல்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

நேராகவே கேட்டுவிட்டேன். போன் விஷயத்தை இல்லை, விபத்தைப் பற்றி. "அன்னைக்கு நடந்தது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கு? கோர்ட்டுல கேப்பாங்க."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், இடது கையால். "கிளி கத்துச்சுங்க" என்றாள்.

"என்ன?"

"கூட்டமா கிளி. அதுக்கு முன்னால தண்ணி விழுகற சத்தம். எத்தனையோ தடவை அந்த வழியா வந்திருக்கறோம், ஒரு நாளும் நம்ம காருக்குள்ள அதெல்லாம் கேட்டதில்லீங்க. அன்னைக்கு அத்தனையும் கேட்டுச்சு."

தலையில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஆவது உண்டு. மலையில் கிளி கத்தியதை எந்தக் கோர்ட்டும் சாட்சியமாக எடுக்காது. நான் மேலே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை சூம்பியிருக்கிறது. விரல்களை மடக்கச் சொன்னார் டாக்டர். கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. எப்படி ஆச்சும்மா என்று கேட்டார். "வண்டி நிக்கலீங்க" என்றாள். பிரேக் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. அதைக் கவனித்தேன்.

திரும்பும்போது காரில் ஏறவில்லை. டவுன் பஸ்ஸில் வந்தாள். நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். சிக்னலில் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறுபது வயதில் மனைவி போகும் பஸ்ஸைத் துரத்துகிற நிலைமை எனக்கு.

ஆகஸ்ட் 24, வியாழன்

மறுபடியும் மிருதுளா. பெரிய பிரேக்கே வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஒரு காகித அட்டையை எடுத்தாள். காலிப்பரின் உருவத்தை அதே அளவில் வரைந்து வெட்டியது. என் சக்கரத்தைக் கழற்றி அதற்குள் வைத்துக் காட்டினாள். இடித்தது. என்னுடையது பதினான்கு அங்குலச் சக்கரம். இந்தப் பிரேக் உள்ளே உட்கார வேண்டுமானால் பதினாறு வேண்டும். ஆக, சக்கரமும் டயரும் புதிது. சக்கரம் பெரிதானால் மைலேஜ் குறையும் என்றாள்.

"எவ்வளவு?"

"ஒண்ணு, ஒண்ணரை குறையலாம். உயிரைவிட அதுவா பெருசு அங்கிள்?"

அட்டையை வாங்கி நானே வெர்னியரால் ஆறு இடத்தில் அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. அவள் பொறுமையாக நின்றாள். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை.

பில் எழுதும்போது கேட்டாள்: "ஆக்ஸிடென்ட் அன்னைக்குப் பெடல் எப்படி இருந்துச்சு? கல்லா, பஞ்சா?"

எல்லோருக்கும் ஏன் இதே கேள்வி? "பஞ்சு" என்றேன்.

"அப்ப பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. பெரிய பிரேக் அதுக்குத் தாங்கும். கல்லுன்னு சொல்லியிருந்தீங்கன்னா இதை மாட்டியும் பிரயோஜனம் இல்ல. என்ஜின் ஓடினாத்தான் பூஸ்டர் வேலை செய்யும், அதுதான் நம்ம காலுக்கு பலம் குடுக்கறது. அணைச்சுட்டா ரெண்டு மூணு மிதிக்கு மேல எந்த பிரேக்கும் கல்லுதான். மைலேஜுக்காக இறக்கத்துல நியூட்ரல் போட்டு சாவியைத் திருப்பி விட்டுட்டு வர்றவங்க இருக்காங்க அங்கிள். ஸ்டியரிங்கும் சேர்ந்து இறுகிப் போகும்."

கேட்காத விளக்கம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டியரிங் பற்றி இவளிடம் நான் ஏதாவது சொன்னேனா என்று வீடு வரும்வரை யோசித்தேன். முதல் நாளே சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 30, புதன்

மாட்டியாகிவிட்டது. கரிய சக்கரத்துக்குள் சிவப்பாகத் தெரிகிறது. எதிர்வீட்டு வங்கி மேனேஜர் குனிந்து பார்த்து, "என்ன சார், பந்தயத்துக்குப் பேர் குடுத்தாச்சா?" என்றார். சிரித்து வைத்தேன்.

புது பேடைப் பழக்க வேண்டும் என்றாள் மிருதுளா. அவிநாசிச் சாலையைத் தாண்டிக் காலியான இடத்தில் அறுபதில் போய்ப் பத்துக்குக் குறைப்பது, மறுபடி அறுபது. இப்படிப் பத்துத் தடவை. காலை வைத்தால் போதும், பிடித்து இழுத்தது மாதிரி நிற்கிறது. முன் இருக்கையில் வைத்திருந்த தக்காளிப் பை கீழே விழுந்து உருண்டது.

வரும் வழியில் குழந்தைவேலுவின் ஒர்க்‌ஷாப்பைக் கடந்தேன். எப்போதும் ஏழெட்டு வண்டிகள் நிற்கும். இன்று ஒரு ஆட்டோ மட்டும். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்து நின்றான். பதினாறு வருடப் பழக்கம், உடம்பு தானாக எழுகிறது போல. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 2, சனி

காய்கறி மார்க்கெட்டுக்கு வண்டியில் வரச் சொல்லி வசந்தாமணியைக் கூப்பிட்டேன். வாசலில் நின்று சக்கரத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க. எத்தனை பெருசு!"

"ஏறு. பழனி மலையில இருந்து இறங்கினாக்கூட நிறுத்தலாம்."

"பிரேக் பெருசாயிருச்சு. ஓட்டறது அதே ஆளுதானுங்களே?" துணிப் பையை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

என்னை ஏன் இவள் நம்பவில்லை? குழந்தைவேலு ஏதோ ஓதியிருக்கிறான். போனில் பதினொரு நிமிடம் வேறு என்ன பேசுவார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. தேன்மொழி கேட்டால் என்ன சொல்வது?

செப்டம்பர் 5, செவ்வாய்

தனியாகக் கோத்தகிரி மலை ஏறி இறங்கினேன். மகள் வீட்டுக்குப் போகவில்லை.

இறக்கத்தில் ஏழு தடவை நிறுத்திப் பார்த்தேன். ஏழு தடவையும் சொன்ன இடத்தில் நின்றது.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஒரு பாகம் உடைந்தால், உடைந்த அன்று என்ன நிலைமையோ அதே நிலைமையில் வைத்துத்தான் மாற்றுப் பாகத்தைச் சோதிக்க வேண்டும். அதே அழுத்தம், அதே வேகம். இல்லாவிட்டால் சோதனை செல்லாது. நானே பல பேரின் சோதனைகளைச் செல்லாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அதே இடத்தில், எல்லாவற்றையும் அன்று இருந்தபடியே வைத்தேன். சாவி உட்பட.

கிளிச் சத்தம் கேட்டது.

முதல் மிதி நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவது பாதி. நான்காவது

இடது பக்கக் கதவில் நீளமாகக் கீறல். எனக்கு ஒன்றும் இல்லை. கால்வாய் ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். தேயிலை ஏற்றி வந்த லாரிக்காரர் இறங்கித் தண்ணீர் கொடுத்தார். "பிரேக் போயிருச்சுங்களா?" என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 6, புதன்

வசந்தாமணி கீறலைப் பார்த்தாள். என் கை காலெல்லாம் பார்த்தாள். மத்தியானம் அவளே சமைத்தாள்.

செப்டம்பர் 7, வியாழன்

குழந்தைவேலுவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துவைத்தது அவனைப் பார்த்ததும் காணாமல் போய்விட்டது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். சிவப்புக் காலிப்பரைக் குனிந்து பார்த்து, நல்ல சாமானுங்க என்றான். அப்புறம் கதவைப் பார்த்தான்.

"மறுபடியுங்களா சார்?" என்றான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"நீங்கதான சொன்னீங். கல்லாட்ட இருந்துச்சுன்னு. அன்னைக்கு ஊட்டுல வெச்சே தெரிஞ்சுருச்சுங்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே? உன் தொழிலே போச்சே."

"என்னன்னு சொல்றதுங். அம்மா கையில கட்டுப் போட்டுட்டு அங்கயே நிக்கறாங். அவங்க முன்னால, உங்க வூட்டுக்காரருதான் சாவியை அணைச்சாருன்னு எப்படிங் சொல்றது? அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டனுங். பொறகு அவங்களே போன் பண்ணுனாங். தம்பி, எனக்குத் தெரியும், நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன், அவரு வாயால சொல்லட்டும்னு இருக்கறேன்னாங். அப்பறம், ஞாயித்துக்கெழமை பாப்பாவை வாடகைக் காருல கூட்டிட்டு வரோணும், நீ ஓட்டிட்டு வருவியான்னு கேட்டாங். வாரனுங்கன்னு சொல்லியிருக்கறேன்."

நாற்பத்தொரு பேருக்கு நான் இவனைத் திருடன் போல எழுதியிருக்கிறேன். இவன் என் மகளை இறக்கிவர ஒத்துக்கொண்டிருக்கிறான். அவமானத்தில் முகம் எரிந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். டீ சொல்லட்டுங்களா என்றான். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை நான். இந்த நோட்டிலும் இதுவரை சொல்லவில்லை. முன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். கோர்ட்டில் இதைக் கொடுத்தால் குழந்தைவேலுதான் ஜெயிப்பான்.

செப்டம்பர் 8, வெள்ளி

சாயங்காலம் தேன்மொழி கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன். வசந்தாமணி நாளை மறுநாள் எடுத்துப்போகும் வளையல்களை அளவுவாரியாக நூலில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா வாடகைக் காரு சொல்லியிருக்கறாங்களாமா? எதுக்குங்ப்பா? நம்ம காரு என்னாச்சு?"

"அம்மா ஆசைப்படறா."

"அதெல்லாம் வேண்டாங்ப்பா. இவங்க ஊட்டுல எல்லாருத்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன், எங்கப்பா எனக்காக பந்தயக் காரு பிரேக்கே வாங்கி மாட்டியிருக்கறாருன்னு. அந்த மெக்கானிக் பண்ணுன வேலைக்கு அம்மா பயந்துட்டாங்க. எனக்கு பயமே இல்ல. நான் உங்க கூடத்தான் வருவேன். நீங்க வேண்டான்னு சொன்னா மட்டும் சொல்லுங்க."

வசந்தாமணி கோப்பதை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. நூலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அந்த நேரத்தில் தெரிந்தது இவ்வளவுதான்: சரி கண்ணு என்று சொன்னால் அவள் ஏறிவிடுவாள். வயிற்றில் பிள்ளையோடு முன் இருக்கையில் உட்காருவாள். நான் பத்திரமாகத்தான் ஓட்டுவேன், சாவியைத் தொடவே மாட்டேன். செவ்வாய்க்கிழமை மலையேறும்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

"வேண்டாம் கண்ணு" என்றேன்.

"ஏனுங்ப்பா? பிரேக் சரியில்லையா?"

"பிரேக் நல்லா இருக்குது. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. குழந்தைவேலு மேல ஒரு தப்பும் இல்ல. மைலேஜுக்காக நாந்தான் இறக்கத்துல என்ஜினை அணைச்சு விட்டேன். வருஷக்கணக்கா அப்படித்தான் வந்துட்டிருக்கறேன். அன்னைக்கு நிக்கல."

போன் வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"அம்மா நெத்தில தையல் போட்டது..." என்றாள்.

"ஆமா."

"கை..."

"ஆமா கண்ணு."

"நானும் அந்தக் காருல எத்தனை தடவை..." மூக்கை உறிஞ்சினாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. கடைசியில் சொன்னாள்: "நம்ம காரையே எடுத்துட்டு வாங்க. நீங்களும் வாங்க. ஓட்ட வேண்டாங்ப்பா."

போனை வைத்த பிறகு வசந்தாமணி நூலை முடிச்சுப் போட்டாள். வலது விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவள் போட்டாள்.

செப்டம்பர் 9, சனி

வாட்ஸாப் குழுவில் எழுதினேன். நான்கு தடவை அழித்து அழித்து எழுதினேன். "ஆகஸ்ட் 4 அன்று நான் எழுதியது தவறு. குழந்தைவேலுவின் வேலையில் குறை இல்லை. இறக்கத்தில் என்ஜினை அணைத்து ஓட்டியது நான். என் தவறால் என் மனைவிக்கு அடிபட்டது. தெய்வசிகாமணி." முப்பத்தெட்டுப் பேர் படித்தார்கள். ஒருவரும் கும்பிடு போடவில்லை.

அச்செடுத்து ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போனேன். குழந்தைவேலு எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தான். "இதை எதுக்குங் சார்" என்றான். ஆனால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இந்தத் தடவை டீ குடித்தேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

வளைகாப்பு நன்றாக நடந்தது. சம்பந்தி வீட்டில் விஷயம் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, மாப்பிள்ளை மட்டும் எனக்கு இரண்டு தடவை பாயசம் ஊற்றச் சொன்னார்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். எங்கள் காரைக் குழந்தைவேலு ஓட்டினான். நான் முன்னால் இடது பக்கம். பின்னால் தேன்மொழியும் வசந்தாமணியும், காலடியில் சீர்த் தட்டுகள். முதல் வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு மாற்றிவிட்டான். என்ஜின் உறுமிக்கொண்டே இறங்கியது. பெரிய பிரேக்குக்கு அவன் அதிகம் வேலை வைக்கவில்லை, அவ்வப்போது காலைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். கிளி கத்தியதா, தண்ணீர் விழுந்ததா, ஒன்றும் கேட்கவில்லை. லிட்டருக்குப் பதினாலுகூடக் கொடுக்காது என்று ஒரு தடவை மனதுக்குள் கணக்கு ஓடியது. வெட்கமாக இருந்தது. கட்டுப்படுத்திக்கொண்டேன்.

அந்த இடம் தாண்டியதும் இருவரும் என்ன செய்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். தேன்மொழி வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். உஷ் என்று உதட்டில் விரல் வைத்து அம்மாவைக் காட்டினாள்.

வசந்தாமணி மகள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வண்டி வளைவில் சாயும்போது அவளும் சாய்ந்தாள், விழிக்கவில்லை. மேட்டுப்பாளையம் வரும்வரை விழிக்கவில்லை.

முப்பது வருடமாக அவளை வண்டியில் வைத்து எங்கெங்கோ கூட்டிப்போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. வேடிக்கை பார்ப்பது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.